ஏலத்தில் தோற்றவருக்கு வரும் அழைப்பு: நம்பலாமா?

இணைய ஏலத்தில் பழைய கேமரா லென்ஸ் ஒன்றுக்கு 300 டாலர் வரை கேட்கிறீர்கள். கடைசி நிமிடம் வரை முன்னிலையில் இருக்கிறீர்கள். திடீரென்று இன்னொருவர் புகுந்து 305 டாலருக்கு எடுத்துவிடுகிறார். போனது போகட்டும் என்று வேறு லென்ஸ் தேடத் தொடங்கும்போது, விற்றவரிடமிருந்து செய்தி வருகிறது. “ஏலம் எடுத்தவர் பணம் கட்டவில்லை. நீங்கள் கேட்ட 300 டாலருக்கே தருகிறேன். வேண்டுமா?”

ஆசைப்பட்ட பொருள் திரும்பவும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. சந்தேகமும் கூடவே எழுகிறது. பெரும்பாலோர் இந்த இடத்தில் தங்களைக் கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான்: இந்த விற்பனையாளர் நம்பத்தக்கவரா? முகம் தெரியாத ஒருவரின் குணத்தை நான்கு வரிச் செய்தியைக் கொண்டு எடைபோட எவராலும் முடியாது. அப்படி எடைபோட முயல்பவர்களில் சிலர் பணத்தை இழக்கிறார்கள். வேறு சிலர் நேர்மையான வாய்ப்பையும் பயந்து விட்டுவிடுகிறார்கள்.

அந்த ஒரு கேள்வியை நான்காகப் பிரித்தால் விடை தெளிவாகிறது. செய்தியை அனுப்பியது யார்? விலை அந்த இடத்துக்கு எப்படி வந்தது? பொருள் ஏன் இன்னும் விற்காமல் நிற்கிறது? பணம் எந்த வழியாகப் போகப்போகிறது? இவற்றுக்கான பதில்களைச் சரிபார்க்க முடியும். ஆளை நம்புவதா என்ற குழப்பத்தை விட்டு, நடைமுறையைச் சோதிக்கும் வேலைக்கு வந்துவிடலாம். இந்தக் கட்டுரை அந்த நான்கையும் வரிசையாக ஆராய்கிறது.

விதி என்ன சொல்கிறது

1995 செப்டம்பரில் பியர் ஒமிடியார் கலிஃபோர்னியாவில் ‘ஆக்ஷன்வெப்’ என்ற பெயரில் தொடங்கிய தளமே பின்னர் ஈபே ஆனது. முன்பின் தெரியாத இருவரைப் பேரத்தில் இணைக்க அது கையாண்ட முறை எளிமையானது. வாங்க விரும்புபவர் தன்னால் தரமுடிந்த உச்சத் தொகையை ரகசியமாகப் பதிந்துவைக்கிறார். மற்றவர்கள் கேட்கக் கேட்க, தளமே அவர் சார்பில் சிறு சிறு படிகளாக விலையை ஏற்றுகிறது. முடிவில் வென்றவர் கட்டுவது தன் உச்சத் தொகையை அல்ல. தனக்கு அடுத்து நின்றவரின் தொகைக்கு மேல் ஒரு படி, அவ்வளவுதான்.

இந்த அமைப்பின் கோட்பாட்டு வேர் வில்லியம் விக்ரி 1961இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. வென்றவர் இரண்டாவது தொகையைக் கட்டினால் போதும் என்று வைத்துவிட்டால், ஏலம் கேட்பவர்கள் தங்கள் உண்மையான மதிப்பைத் தயங்காமல் சொல்வார்கள் என்று அவர் காட்டினார். நீங்கள் சொல்லும் தொகை நீங்கள் வெல்வீர்களா என்பதை மட்டும் தீர்மானிக்கிறது. எவ்வளவு கட்டுவீர்கள் என்பதைப் பிறர் கேட்ட தொகை தீர்மானிக்கிறது. 1996இல் விக்ரிக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்த சில நாள்களில் அவர் காலமானார்.

தோற்றவருக்கு விற்பனையாளர் திரும்ப அழைப்பு அனுப்பும் வசதியை ஈபே ‘செகண்ட் சான்ஸ் ஆஃபர்’ என்கிறது. மூன்று சூழல்களில் இதற்கு அனுமதி உண்டு. வென்றவர் பணம் கட்டாமல் போனால். விற்பவர் மறைத்து வைத்திருந்த குறைந்தபட்ச விலையை ஏலம் எட்டாமல் முடிந்தால். அதே பொருளில் இன்னொன்றும் விற்பவரிடம் இருந்தால். ஏலம் முடிந்து 60 நாள்கள் வரை அழைப்பு அனுப்பலாம். அழைப்பு 1, 3, 5 அல்லது 7 நாள்கள் உயிரோடு இருக்கும். விலை, தோற்றவர் கேட்ட உச்சத் தொகை. ஏற்றே ஆகவேண்டும் என்ற கட்டாயம் தோற்றவருக்கு இல்லை.

ஆக, இப்படி ஒரு அழைப்பு வருவதே மோசடியின் அடையாளம் ஆகிவிடாது. ஏலத்தில் உற்சாகமாகக் கேட்டுவிட்டுப் பணம் கட்டாமல் மறைந்துபோகிறவர்கள் எல்லாத் தளங்களிலும் உண்டு. அவர்களால் நேர்மையான விற்பனையாளர்கள் நாள்கணக்கில் காத்திருந்து ஏமாறுகிறார்கள். அடுத்து நின்றவரை அணுகுவது அவர்களுக்கு இயல்பான வழி. ஆனால் இதே வழியில்தான் மோசடிக்காரர்களும் நுழைந்தார்கள்.

முதல் கேள்வி: அனுப்பியது யார்?

இணையம் பரவத் தொடங்கிய முதல் பத்தாண்டில் அமெரிக்காவில் மிக அதிகமாகப் புகார் வந்த இணையக் குற்றம் ஏல மோசடிதான். எஃப்.பி.ஐ. சார்ந்த இணையக் குற்றப் புகார் மையத்தின் 2004ஆம் ஆண்டு அறிக்கையில், மேல்நடவடிக்கைக்கு அனுப்பப்பட்ட புகார்களில் 71.2 சதவீதம் ஏலம் தொடர்பானவை. அடுத்த ஆண்டு 62.7 சதவீதம்.

அந்த மோசடிகளில் ஒரு வகை தோற்றவர்களையே குறிவைத்தது. அன்று ஏலப் பதிவில் யார் எவ்வளவு கேட்டார்கள் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். மோசடிக்காரர் விலை உயர்ந்த பொருளின் ஏலத்தைக் கவனித்து, தோற்றவரின் பயனர் பெயரை எடுத்துக்கொள்வார். அதே பெயரைப் பிரபலமான மின்னஞ்சல் சேவைகளோடு ஒட்டிப் பார்த்து முகவரியை ஊகிப்பார். பிறகு விற்பனையாளர் எழுதுவதுபோலவே எழுதுவார். பொருளின் பெயர், ஏல எண், நீங்கள் கேட்ட தொகை எல்லாம் சரியாக இருக்கும். பணம் அனுப்பும் இடம் மட்டும் வேறாக இருக்கும். உண்மையான விற்பனையாளருக்கு இப்படி ஒரு கடிதம் போனதே தெரியாது. அவருடைய நற்பெயரை எவ்வளவு ஆராய்ந்தும் பயனில்லாமல் போனது இதனால்தான். நல்லவரின் பெயரை இரவல் வாங்கிக்கொண்டு வேறொருவர் பேசிக்கொண்டிருந்தார்.

ருமேனியாவின் மலையடிவார நகரமான ரம்னிகு வல்சியா இத்தகைய கும்பல்களால் உலகப் பெயர் பெற்றது. ருமேனியாவுக்குப் பணம் அனுப்ப வாங்குவோர் தயங்கத் தொடங்கியபோது, வேறு நாடுகளில் ஆள் வைத்துப் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். பணம் போன வழி பெரும்பாலும் வெஸ்டர்ன் யூனியன் போன்ற உடனடிப் பணமாற்று நிறுவனங்கள். அனுப்பிய பணம் சில நிமிடங்களில் எடுக்கப்பட்டுவிடும்; திரும்பப் பெற வழியிருக்காது. 2017 ஜனவரியில் அந்த நிறுவனம், தன் முகவர்கள் வழியாக நடந்த மோசடிகளுக்குத் துணைபோனதை ஒப்புக்கொண்டு 586 மில்லியன் டாலர் கட்டச் சம்மதித்தது.

2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் ஈபே ஏலப் பதிவுகளில் பயனர் பெயர்களை மறைக்கத் தொடங்கியது. போலி அழைப்புகளைத் தடுப்பதே அது சொன்ன காரணம். நோக்கம் நிறைவேறியது, ஆனால் இன்னொரு கதவு திறந்தது. யார் யாரோடு சேர்ந்து ஏலத்தை ஏற்றிவிடுகிறார்கள் என்று கவனித்துவந்த வாடிக்கையாளர்களின் கண்களும் அன்றே கட்டப்பட்டன. ஒரு மோசடியைத் தடுக்க எடுத்த நடவடிக்கை இன்னொன்றைக் கண்டுபிடிப்பதைக் கடினமாக்கியது. இரண்டாவது கேள்வியில் இதை மீண்டும் சந்திப்போம்.

கண்ணால் காணும் பக்கமே பொய்யாக இருக்கவும் கூடும். புக்கரெஸ்ட் பகுதியிலிருந்து இயங்கிய ‘பேராப்’ கும்பல் 2007 முதல் தன் நச்சு மென்பொருளைப் பரப்பி 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பாதித்தது. பாதிக்கப்பட்ட கணினியில் ஈபே பக்கத்தைத் திறந்தால், அச்சாக அதேபோன்ற போலிப் பக்கம் வரும். கார் விற்பனை விளம்பரம், உத்தரவாதம், நற்சான்று எல்லாம் அங்கே புனையப்பட்டிருக்கும். அந்தக் கும்பலைச் சேர்ந்த இருவருக்கு 2019 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் 20 ஆண்டும் 18 ஆண்டும் சிறைத் தண்டனை விதித்தது.

இவற்றிலிருந்து கிடைக்கும் நடைமுறை விதி சுருக்கமானது. மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் தொடக்கூடாது. தளத்தின் முகவரியைத் தானே தட்டச்சு செய்து உள்ளே போய், தன் கணக்கின் செய்திப் பெட்டியிலும் வாங்கும் பட்டியலிலும் அழைப்பு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அங்கே இல்லாத அழைப்பு, எவ்வளவு நுணுக்கமான விவரங்களோடு வந்திருந்தாலும், அழைப்பே அல்ல. இயன்றால் வேறொரு கருவியிலிருந்தும் ஒருமுறை பார்த்துக்கொள்வது பேராப் போன்ற தந்திரத்துக்கு எதிரான எளிய காப்பு.

இரண்டாம் கேள்வி: விலை எப்படி ஏறியது?

அழைப்பு உண்மையான விற்பனையாளரிடமிருந்தே வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பலர் இங்கே நிம்மதி அடைந்து பணம் கட்டிவிடுகிறார்கள். ஆனால் நேர்மையைப் பற்றிய நுட்பமான சோதனை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

விக்ரியின் முறையில் உங்கள் உச்சத் தொகை ரகசியம். வென்றால் அது வெளியே தெரியாது. தோற்றால் மட்டும் தெரிந்துவிடுகிறது. ஏனென்றால் வென்றவர் கட்டவேண்டிய விலையே அதன்மேல் ஒரு படி வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. இரண்டாம் வாய்ப்பு அழைப்பு அந்த வெளிப்பட்ட ரகசியத்தையே விலையாக வைக்கிறது. பிறர் கேட்டதற்கு மேல் ஒரு படி கட்டினால் போதும் என்ற உறுதியை நம்பி நீங்கள் எழுதிவைத்த எண்ணை, இப்போது முழுதாகக் கட்டச் சொல்கிறது.

முதலில் சொன்ன லென்ஸையே எடுத்துக்கொள்வோம். உங்களுக்குக் கீழே மூன்றாவதாக நின்றவர் 210 டாலர் கேட்டிருந்தார். ஈபேயில் 100 முதல் 250 டாலருக்குள் ஒரு படி 2.50 டாலர். ஆகவே கடைசி நிமிடம் வரை பக்கத்தில் தெரிந்த விலை 212.50. அந்தப் புதியவர் வராமலே இருந்திருந்தால் நீங்கள் கட்டியிருக்கவேண்டியது அவ்வளவுதான். அவர் வந்ததால் விலை உங்கள் 300ஐத் தாண்டி 305 ஆனது. வந்தவர் பணம் கட்டாமல் போய்விட்டார். ஆனால் அவர் விட்டுச்சென்ற விலை மட்டும் உங்கள் தலையில் நிற்கிறது. வித்தியாசம் 87.50 டாலர்.

வந்தவர் உண்மையான ஆளாக இருந்தால் இதில் தவறு சொல்ல முடியாது. அவர் விற்பவரின் நண்பராகவோ, விற்பவரின் இன்னொரு கணக்காகவோ இருந்தால், உங்கள் உச்சத் தொகையைத் துழாவி எடுப்பதற்கே அந்த ஏலம் ஏற்றப்பட்டிருக்கிறது. ஆள் வைத்து விலை ஏற்றுவது எல்லா நாட்டு ஏலங்களிலும் இருந்த பழைய தந்திரம். சாதாரண ஏலத்தில் அதற்கு ஒரு ஆபத்து உண்டு. அளவு மீறி ஏற்றினால் பொருள் தன் ஆளின் தலையிலேயே விழுந்துவிடும். தோற்றவரைத் திரும்ப அழைக்கும் வசதி அந்த ஆபத்தை ஏறக்குறைய இல்லாமல் செய்துவிடுகிறது. ஏற்றிப் பார்த்து, எல்லை எங்கே என்று தெரிந்துகொண்டு, பிறகு அந்த எல்லையிலேயே விற்கலாம்.

இது கற்பனை அல்ல என்பதற்கு நீதிமன்றப் பதிவுகள் உண்டு. 2000 மே மாதம் ஈபேயில் 25 சென்டில் தொடங்கிய ஓவியம் ஒன்று 1,35,805 டாலர் வரை போனது. ரிச்சர்ட் டீபன்கார்னின் படைப்பாக இருக்கலாம் என்று வாங்குவோர் நம்பும்படி அது காட்டப்பட்டிருந்தது. விற்றவரே வேறு பெயரில் ஏலம் கேட்டது தெரியவந்ததும் ஈபே அந்த விற்பனையை ரத்து செய்தது. தொடர்ந்த விசாரணையில், ஒருவர் பொருளுக்கு மற்றவர் விலை ஏற்றிவந்த கூட்டு வெளிப்பட்டு, 2001இல் மூவர் மீது கூட்டாட்சி நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டது. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டு, தன் பொருள்களுக்குத் தானே வேறு கணக்கில் ஏலம் கேட்ட ஒருவருக்கு பிராட்போர்டு நீதிமன்றம் 5,000 பவுண்டு அபராதம் விதித்தது.

வாங்குபவர் என்ன செய்யலாம்? பெயர்கள் மறைக்கப்பட்டிருந்தாலும் ஏலப் பதிவு முழுக்கக் குருடாகிவிடவில்லை. ஒவ்வொரு ஏலதாரரும் அண்மைக் காலத்தில் கேட்ட ஏலங்களில் எத்தனை சதவீதம் இதே விற்பனையாளரின் பொருள்கள், எத்தனை முறை ஏலத்தைத் திரும்பப் பெற்றார் என்பன அங்கே காணக் கிடைக்கின்றன. நற்சான்று எண்ணிக்கை மிகக் குறைவாக உள்ள கணக்கு ஒன்று, இந்த ஒருவரின் பொருள்களுக்கே திரும்பத் திரும்பக் கேட்டு, எதையும் வாங்காமல் போயிருந்தால் சந்தேகத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் இது அறிகுறிதான், சான்று அல்ல. நாணயம், தபால்தலை சேகரிப்பவர்கள் தங்களுக்குப் பிடித்த ஒரே விற்பனையாளரிடம் தொடர்ந்து கேட்பது வழக்கம்.

குற்றத்தை நிரூபிக்கவேண்டிய பொறுப்பு வாங்குபவருக்கு இல்லை. அவருக்குத் தேவை ஒரு விலை. அதற்கு இரண்டு எண்கள் போதும். வென்றவர் கேட்ட தொகையை நீக்கிவிட்டால் தான் கட்டியிருக்கக்கூடிய தொகை ஒன்று. இதே பொருள் அண்மையில் உண்மையாக விற்று முடிந்த விலை இன்னொன்று. நம் லென்ஸ் வேறிடங்களில் 310, 320 என்று விற்றிருந்தால், ஏற்றிவிட்டவர் யாராக இருந்தாலும் 300 உங்களுக்கு நட்டமில்லை. 230, 240 என்று விற்றிருந்தால், விற்பவர் உத்தமராகவே இருந்தாலும் 300 அதிகம். அப்படியானால், தளத்துக்குள்ளேயே குறைந்த நிலையான விலையில் பொருளை மறுபடி பட்டியலிடும்படி கேட்கலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் நகர்ந்துவிடலாம். ஏலச் சூட்டில் கேட்ட தொகையை, சூடு ஆறியபின் மறுபடி மதிப்பிட உங்களுக்கு முழு உரிமை உண்டு.

தோற்றவரை அழைக்கும் வழக்கம் விற்பவர்களுக்கே தீங்காகவும் திரும்பக்கூடும். தோற்றாலும் அழைப்பு வரும், அது என் உச்சத் தொகையில்தான் வரும் என்று பழகிய ஏலதாரர் அடுத்த முறை உச்சத்தை மறைத்துக் குறைவாகவே கேட்பார். விக்ரி காட்டிய உண்மை பேசும் ஏலம் அங்கே கலைந்துவிடுகிறது. இரண்டாம் வாய்ப்பைப் பொருளியல் ஆய்வாளர்கள் தனித் தலைப்பாக எடுத்து ஆராய்ந்ததற்கு இந்தச் சிக்கலே காரணம்.

மூன்றாம் கேள்வி: பொருள் ஏன் இன்னும் நிற்கிறது?

ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையை வைத்து எழுதிய ஆய்வு, விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எப்படிக் கெடுகிறது என்று விளக்கியது. 2001இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஒருவர் எடுத்துவிட்டு விட்டுப்போன பொருளுக்கு அக்கர்லாஃபின் கேள்வி இரட்டிப்பாகப் பொருந்தும். வென்றவர் ஏன் விட்டார்? பணம் இல்லாமலா, மனம் மாறியா, அல்லது பொருளைப் பற்றி விசாரித்து ஏதோ தெரிந்துகொண்டா?

அனுமதிக்கப்பட்ட மூன்று காரணங்களையும் பொருளோடு பொருத்திப் பார்த்தால் பெரும்பகுதி விளங்கிவிடும். குறைந்தபட்ச விலையை எட்டாமல் முடிந்த ஏலம் என்றால் கவலை குறைவு. அங்கே வென்றவர் என்று யாரும் இல்லை, நீங்களே முன்னணியில் இருந்தீர்கள். பேரத்தை விற்பவர் இப்போது இறங்கிவந்து முடிக்கிறார். இன்னொரு பொருள் இருக்கிறது என்ற காரணம், கடையில் அடுக்கியிருக்கும் புதிய சாதனத்துக்குப் பொருந்தும். கையொப்பமிட்ட நூலுக்கோ, கையால் வரைந்த ஓவியத்துக்கோ, ஒரே பிரதி என்று விளம்பரப்படுத்திய நாணயத்துக்கோ பொருந்தாது. பொருந்தினாலும், ஏலத்தில் காட்டிய படம் உங்களுக்கு வரப்போகும் பொருளின் படம் அல்ல. இந்தப் பொருளின் படத்தையும் வரிசை எண்ணையும் புதிதாகக் கேட்டுப் பெறவேண்டும்.

பணம் கட்டவில்லை என்ற காரணத்துக்கு நேரமே சாட்சி. வென்றவருக்குப் பணம் கட்ட நாள்கள் அவகாசம் இருக்கும்போது, ஏலம் முடிந்த சில மணி நேரத்திலேயே அவர் கட்டவில்லை என்று செய்தி வந்தால் விளக்கம் கேட்கவேண்டும். என்ன நடந்தது, பொருள் இடையில் யார் கைக்காவது போய்த் திரும்பியதா, குறை ஏதும் சுட்டப்பட்டதா என்று நேராகக் கேட்டு, பதிலைத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுத்தாக வாங்கிவைக்கவேண்டும். நேர்மையான விற்பனையாளர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். பின்னால் பொருள் சொன்னபடி இல்லை என்று வழக்காட நேர்ந்தால் அந்தப் பதிலே ஆவணம்.

நட்சத்திரங்கள் எவ்வளவு சொல்லும்?

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதிலாக நற்சான்றைப் பார்த்தால் போதாதா என்று தோன்றலாம். ஒமிடியார் 1996 பிப்ரவரியில் ஏற்படுத்திய பின்னூட்ட முறைதான் இன்று எல்லாத் தளங்களிலும் நாம் காணும் நட்சத்திரங்களின் முன்னோடி. அதற்கு மதிப்பில்லை என்று சொல்ல முடியாது. பால் ரெஸ்னிக்கும் கூட்டாளிகளும் பழைய தபால் அட்டைகளை வைத்து 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரே தரப் பொருளுக்கு நற்பெயர் பெற்ற கணக்கு புதிய கணக்கைவிட 8.1 சதவீதம் கூடுதல் விலை பெற்றது. நற்பெயர் பணமாகிறது, ஆகவே அதைக் காப்பாற்ற விற்பவருக்குக் காரணம் இருக்கிறது.

அதே ரெஸ்னிக், ரிச்சர்ட் ஸெக்ஹௌசருடன் சேர்ந்து ஆராய்ந்த 1999ஆம் ஆண்டுத் தரவு மறுபக்கத்தைக் காட்டியது. வாங்கியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரே கருத்து பதிந்தார்கள். பதிந்தவற்றில் 99.1 சதவீதம் பாராட்டு. குறை சொன்னால் விற்பவரும் பதிலுக்குக் குறை எழுதுவார் என்ற அச்சம் அன்று இருந்தது. 2008இல் வாங்குவோர் மீது எதிர்மறைக் கருத்து எழுதும் வசதியையே ஈபே விற்பவர்களிடமிருந்து எடுத்துவிட்டது. ஏறக்குறைய எல்லோரும் நல்லவர் என்று சொல்லும் அளவுகோல், நல்லவரைப் பிரித்துக் காட்டுவதில் பலவீனமானது.

அதைவிட முக்கியமானது, நட்சத்திரங்கள் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கின்றன என்பது. அவை பொருள் வந்து சேர்ந்ததா, சொன்னபடி இருந்ததா என்று சொல்கின்றன. விலை ஏற்றிவிடப்பட்டதா என்று சொல்வதில்லை. ஏமாந்த ஏலதாரருக்கே அது தெரியாது. செய்தியை அனுப்பியவர் அந்தக் கணக்கின் உண்மையான உரிமையாளரா என்றும் அவை சொல்வதில்லை. மூன்றாம் கேள்விக்கு மட்டும் உதவும் கருவியைக் கொண்டு முதல் இரண்டுக்கும் விடை காணக்கூடாது.

பொதுச் சொத்தில் இதே சிக்கல்

தனிமனிதரின் சிறு பேரத்தில் எழும் இந்தச் சிக்கலை அரசு அமைப்புகள் பெரிய அளவில் சந்தித்து விதி வகுத்திருக்கின்றன. இந்தியாவில் அரசுக் கொள்முதல் ஒப்பந்தப்புள்ளியில் மிகக் குறைந்த விலை தந்தவரை எல்-1 என்பார்கள். அவர் பின்வாங்கினால் அடுத்தவரான எல்-2ஐ அழைத்துக் கொடுத்துவிடலாமா? 2007 மார்ச் 3 தேதியிட்ட சுற்றறிக்கையில் மத்திய கண்காணிப்பு ஆணையம் தெளிவாகச் சொன்னது: எல்-1 பின்வாங்கினால் மறுபடியும் ஒப்பந்தப்புள்ளி கோரவேண்டும். இரண்டாமவருக்கு வழிவிடுவதற்காகவே முதலாமவர் நிறுத்தப்பட்டிருக்கலாம் என்ற அச்சத்துக்கு இந்த விதி கதவை அடைக்கிறது. இணைய ஏலத்தில் முதலாமவரை நிறுத்துவது விற்பவர். ஒப்பந்தப்புள்ளியில் போட்டியாளர்கள் தங்களுக்குள் பேசிவைத்து நிறுத்துவார்கள். இருவகையிலும் கருவி ஒன்றே: விலை சொல்லிவிட்டுக் காணாமல் போகும் ஒருவர்.

வாராக்கடனுக்காக வங்கிகள் வீடு, நிலங்களை ஏலம் விடும் சர்ஃபேசி சட்டத்தின் விதிகள் வேறொரு பூட்டைப் போடுகின்றன. ஏலம் எடுத்தவர் அன்றோ, மறு வேலைநாளுக்குள்ளோ 25 சதவீதத்தைக் கட்டவேண்டும். மீதியை, விற்பனை உறுதியான 15ஆம் நாளுக்குள்ளோ எழுத்துமூலம் நீட்டித்த காலத்துக்குள்ளோ கட்டவேண்டும். தவறினால் கட்டிய பணம் பறிமுதல், சொத்து மறுவிற்பனைக்குப் போகும். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், அந்த 25 சதவீதம் முழுவதையும் வங்கி பறிமுதல் செய்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. கேட்டுவிட்டுப் பின்வாங்குபவருக்கு விலை உண்டு என்றால், பொய்யாகக் கேட்பவர் குறைவார்.

இந்த இரண்டு பூட்டுகளும் நுகர்வோர் ஏலத்தில் பெரும்பாலும் இல்லை. முன்பணம் இல்லாமல் கேட்கலாம், கட்டாமல் போகலாம், அடுத்தவரிடம் நேராகப் போகலாம். தளங்கள் இதை வசதி என்று பார்க்கின்றன. பொதுச் சொத்தைக் காக்க வகுத்த விதிகள் இதை ஆபத்து என்று பார்க்கின்றன. பூட்டு இல்லாத இடத்தில் வாங்குபவரின் விழிப்பே பூட்டாகவேண்டியிருக்கிறது.

நான்காம் கேள்வி: பணம் எந்த வழியில்?

முதல் மூன்று கேள்விகளில் எதிலாவது தவறு நேர்ந்தாலும் இழப்பு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது நான்காவது. தளத்தின் வழியாகவே அழைப்பை ஏற்று, தளத்தின் கட்டண வழியிலேயே பணம் கட்டினால், சாதாரணக் கொள்முதலுக்கு உள்ள பாதுகாப்பு இதற்கும் உண்டு. பொருள் வராமல் போனாலும், விவரித்தபடி இல்லாவிட்டாலும் ஈபே தன் பணத் திருப்ப உத்தரவாதத்தின் கீழ் பொதுவாக 30 நாள்களுக்குள் முறையிட இடம் தருகிறது. கார், பைக் போன்ற வாகனங்களுக்கு அந்த உத்தரவாதம் பொருந்தாது. அவற்றுக்குத் தனி ஏற்பாடு. மோசடிக் கும்பல்கள் வாகனங்களை விரும்பித் தேர்ந்தெடுப்பதால் இதை நினைவில் வைக்கவேண்டும்.

தளத்துக்கு வெளியே வாருங்கள், கமிஷன் மிச்சம், விலையில் குறைத்துக்கொள்கிறேன் என்று விற்பவர் சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடிக்கலாம். அவர் உண்மையான விற்பனையாளராகவே இருக்கட்டும். கமிஷனில் மிச்சம் அவருக்கு. உத்தரவாதத்தின் இழப்பு உங்களுக்கு. பொருள் கைக்கு வரும்வரை பணத்தை இடையில் வைத்திருக்கும் ‘எஸ்க்ரோ’ என்று தெரியாத நிறுவனம் ஒன்றின் பெயரைச் சொல்லி அங்கே பணத்தை வைக்கச் சொல்வதும் இதே வகை. அப்படிப்பட்ட போலி எஸ்க்ரோ தளங்கள் ஏல மோசடியின் நீண்டகாலத் துணை.

இந்திய வாசகருக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2004இல் பாஸீ தளத்தை வாங்கி இங்கே நுழைந்த ஈபே, தன் இந்தியக் கிளையை 2017இல் ஃபிளிப்கார்ட்டிடம் ஒப்படைத்தது. 2018 ஆகஸ்டில் அது மூடப்பட்டது. இன்று இங்கிருந்து கேட்பவர் வெளிநாட்டு விற்பனையாளரிடம்தான் கேட்கிறார். சுங்கவரி, அனுப்பும் செலவு, திருப்பி அனுப்பவேண்டிவந்தால் அதற்கான செலவு மூன்றையும் கூட்டியபிறகே 300 டாலர் மலிவா என்று சொல்லமுடியும். உள்நாட்டில், பழைய பொருள் விற்கும் செயலிகளில் வேறு உருவில் இதே அழைப்பு வருகிறது: முதலில் பேசியவர் வாங்கவில்லை, முன்பணம் அனுப்பினால் உங்களுக்கே வைத்திருக்கிறேன். பொருளைக் கண்ணால் காணாமல் யுபிஐயில் முன்பணம் அனுப்பக்கூடாது. பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை. அதைக் கேட்கும் எந்தக் கோரிக்கையும் உங்கள் கணக்கிலிருந்து எடுப்பதற்கானது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுத் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை உடனே அழைக்கவேண்டும். பணம் கடைசிக் கணக்கிலிருந்து எடுக்கப்படும் முன் தடுக்க, முதல் சில மணி நேரமே வாய்ப்பு.

தீர்ப்பு

எல்லா அழைப்புகளையும் மறுத்துவிடுவது பாதுகாப்பான வழிதானே என்று ஒருவர் வாதிடலாம். அதற்கும் ஒரு விலை உண்டு. பணம் கட்டாத ஏலதாரரால் நட்டப்பட்ட நேர்மையான விற்பனையாளர் மறுபடி நட்டப்படுகிறார். மறுபடி கிடைக்காத ஒரு பொருளைச் சேகரிப்பாளர் இழக்கிறார். அச்சம் பொதுவாகிவிட்ட சந்தையில் நல்லவர்களே முதலில் வெளியேறுவார்கள் என்பது அக்கர்லாஃப் சொன்ன பாடம்.

எனவே என் முடிவு இது. அழைப்பு உங்கள் கணக்குக்குள் இருக்கிறது. சொல்லும் காரணம் பொருளுக்கும் நேரத்துக்கும் பொருந்துகிறது. விலை சந்தை விலையைத் தாண்டவில்லை. பணம் தளத்தின் வழியில் போகிறது. இந்த நான்கும் கூடினால் தாராளமாக வாங்கலாம். விற்பவரின் மனத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரியவேண்டிய அவசியமே இல்லை. முதலாவதோ நான்காவதோ தவறினால், விலை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் மறுக்கவேண்டும்; அவற்றில் சமரசத்துக்கு இடமில்லை. நடுவிலுள்ள இரண்டில் குறை இருந்தால் கேள்வி கேட்கலாம், விலை பேசலாம்.

வாங்குபவர் தனியாகச் செய்யும் இந்தச் சோதனையில் பாதியைத் தளங்களே செய்ய முடியும். வென்றவர் பணம் கட்டாமல் போனால், அவர் கேட்ட தொகையை நீக்கி விலையை மறுபடி கணக்கிட்டு, அந்த விலையில் அழைப்பு அனுப்பும்படி விதியை மாற்றலாம். அப்போது ஆள் வைத்து ஏற்றுவதில் விற்பவருக்கு எந்த லாபமும் மிஞ்சாது. நேர்மையான விற்பனையாளருக்கும், அவர் விரும்பினால் பொருளை மறுஏலத்தில் விடும் உரிமை அப்படியே இருக்கும். அரசு ஒப்பந்தப்புள்ளிகளில் பின்வாங்கியவரின் விலை செல்லாது என்று ஏற்றுக்கொண்டிருக்கிறோம். கடைசி நிமிடத்தில் வந்து மறைந்துபோன ஒருவரின் விலை சாதாரண வாங்குபவரின் தலையிலும் விழக்கூடாது.